கோழிக் காலில் சிவப்புத் துணி

இஸ்ஸாவின் வீட்டிலிருந்து குப்பைக்குப் போகிற பொருள் என்று ஒன்றை யாராவது காட்டிவிட்டால் அவள் தன் பெயரையே மாற்றிக்கொள்வாள். மத்தி மீன் டப்பா கோழிகளுக்குத் தண்ணீர்ச் சட்டியாகும். எண்ணெய் டின்னில் புதினா தழைக்கும். பழைய லாரி டயரை அறுத்துத் தீனித் தொட்டி செய்திருந்தாள். கூம்பாக வார்த்து விற்கிற சர்க்கரைக் கட்டியைச் சுற்றி வருகிற ஊதாக் காகிதம் இருக்கிறதே, அதை ஊறவைத்து நூலுக்குச் சாயம் ஏற்றுவாள். முட்டை ஓட்டைக்கூட வறுத்துப் பொடித்துக் கோழிக்கே போட்டுவிடுவாள். ஊரில் சிலர் இதைக் கஞ்சத்தனம் என்றார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும், நல்ல முட்டை வேண்டுமென்றால் அவர்களும் அவள் வாசலுக்குத்தான் வந்தாக வேண்டும்.

துணி என்று வந்துவிட்டால் அவள் கையே தனி. கிழிந்த சட்டை, நைந்த போர்வை, பூச்சி அரித்த ஸ்வெட்டர், எதுவானாலும் விரல் அகலத்துக்குக் கிழித்து, தறியில் ஒவ்வொரு துண்டாக முடிச்சுப் போட்டுக் கம்பளமாக்கிவிடுவாள். எங்கள் மலையில் கந்தல் கம்பளம் நெய்யாத பெண் கிடையாது. ஆனால் இஸ்ஸா நெய்ததைக் கந்தல் என்று சொல்ல யாருக்கும் வாய் வராது. யாரைப் பார்த்தாலும், அவர்கள் உடுத்தியிருக்கிற துணி எப்போது கிழியும் என்றுதான் அவள் கண் கணக்குப் போடும். அவள் புருஷன் மோஹாவின் சிவப்பு ஸ்வெட்டர், முழங்கையில் ஓட்டை விழுந்த அன்றைக்கே காணாமல் போனது. பாதி தறிக்குப் போயிற்று, மீதி கோழிகளின் காலுக்கு.

"என் சட்டையைக் காணோம்னா நான் பெட்டியைத் திறந்து பாக்குறதில்ல," என்பான் மோஹா, டீக்கடையில். "கோழிக் காலைத்தான் பாக்குறேன்."

கோழிக் காலில் துணி கட்டுவது வேடிக்கைக்கு இல்லை. எங்கள் ஊர்களில் கோழிக்கு வேலி கிடையாது, எல்லார் வீட்டுக் கோழியும் ஒரே சாணிமேட்டைத்தான் கிளறும். அதனால் வீட்டுக்கு ஒரு நிறம். இஸ்ஸா வீட்டுக்குச் சிவப்பு. இன்னொரு வீட்டு முட்டையை வாங்கிப் பொரிக்க வைத்தால், அந்தக் குஞ்சு வளர்ந்து தானே ஒரு முறை அடைகாத்துக் குஞ்சு இறக்கும்வரை, முட்டை வந்த வீட்டு நிறத்தைத்தான் அதன் காலில் கட்ட வேண்டும். அது அந்த வீட்டுக்குச் செய்கிற மரியாதை. இதை மறந்துபோன இளசுகளை ஊற்றடியில் நிற்கவைத்துத் திட்டுவதே இஸ்ஸாதான்.

அவளுடைய கோழிகளில் ராணி, லல்லா. சாம்பல் புள்ளிக் கோழி. நடக்கும்போது ஒவ்வொரு காலையும் யோசித்து யோசித்துத்தான் வைக்கும். பனிக்காலத்தில்கூட முட்டை நிறுத்தாத இனம் அது, இஸ்ஸா வீட்டைத் தவிர வேறெங்கும் இல்லை. மகள் தம்மூ கல்யாணமாகிப் போகும்போது லல்லாவும் கூடப் போகும் என்பது அவள் பிறப்பதற்கு முன்னாலிருந்தே எழுதாத ஒப்பந்தம், அப்போது இருந்தது லல்லாவின் பாட்டியோ கொள்ளுப்பாட்டியோ, யார் கண்டார்கள்.

தம்மூவைக் கேட்டு வந்தது ஆற்றுக்கு அந்தப் பக்கத்து ஊர். பையன் பாஸ்ஸூ, ஆப்பிள் தோட்டத்தில் வேலை, தங்கமான குணம். தாய் இல்லாத பிள்ளை, வளர்த்ததெல்லாம் அத்தை மஹ்ஜூபா. அவளைப் பற்றி என்ன சொல்ல? நீல நிறத்தில் ஒரு கம்பளிச் சால்வை போர்த்திக்கொண்டு, சர்க்கரைக் கூம்புகளும் மருதாணியுமாக வந்து இறங்கினாள். வந்தவள் இஸ்ஸா விரித்திருந்த கம்பளத்தில் உட்கார்ந்தாள். உட்கார்ந்தவள் அதன் ஓரத்தை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தாள்.

"எங்க வீட்ல கம்பளம்னா ஆட்டு ரோமம்," என்றாள். "கந்தல்னா நாய் படுக்கப் போடுவோம்."

இஸ்ஸா நிமிரவில்லை. டீயை உயரத் தூக்கி ஊற்றினாள், ஒரு சொட்டு சிந்தவில்லை. அவள் கண் மட்டும் அந்த நீலச் சால்வை மேலேயே இருந்தது. எப்பேர்ப்பட்ட நீலம், இது நைந்து கந்தலாக இன்னும் இருபது வருஷம் ஆகுமே என்று அந்த எரிச்சலிலும் அவள் மனசு அடித்துக்கொண்டது.

கிளம்பும்போது வழக்கப்படி ஒரு கூடை முட்டை கொடுத்தாள். மஹ்ஜூபா அதையும் விடவில்லை.

"இதென்ன, புறா முட்டையா? ஆம்லெட்டுக்குக் காணாது போலிருக்கே."

"சாப்பிட்டுப் பாத்துட்டுச் சொல்லுங்க சம்பந்தி," என்றாள் இஸ்ஸா. அவ்வளவுதான். ஆனால் கதவைச் சாத்தியதும் தறியை நிமிர்த்தி வைத்துவிட்டாள்.

எங்கள் பக்கத்தில் பெண்ணை அனுப்புவதற்கு முன்னால் சீர் விரிக்கிற நாள் என்று ஒன்று உண்டு. மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் வந்து, பெண் கொண்டுபோகிற சாமான்களை ஒவ்வொன்றாக விரித்துப் பார்ப்பார்கள். அன்றைக்கு அவர்கள் வாயிலிருந்து வருகிற சொல் அந்தப் பெண்ணோடு ஆயுசுக்கும் ஒட்டிக்கொள்ளும். அவர்கள் வராமலே போனால் பெண் வாசல் தாண்ட முடியாது. கல்யாணமே அத்தோடு நின்ற வீடுகள் இருக்கின்றன.

அந்த நாளுக்காகக் குளிர்காலம் முழுக்க இஸ்ஸா நெய்தாள். ஆட்டு ரோமம் வாங்கப் போகவில்லை. கந்தல்தான், வேண்டுமென்றேதான். தம்மூவின் குழந்தைக் கவுன், மோஹாவின் சிவப்பு ஸ்வெட்டர், தன் கல்யாணத் தலைத்துணி, பக்கத்து வீட்டுக் கப்பூராவிடம் கெஞ்சி வாங்கிய பச்சைத் திரை. நடுவில் சிவப்பை அடுப்புத் தணலாக எரியவிட்டு, ஓரமெல்லாம் ஊதாவில் இறக்கியிருந்தாள். முடிந்ததும் சுவரோரமாக எழுந்து நின்று தூரத்திலிருந்து பார்த்தாள். தன் கையைத் தானே பிடித்து முத்தமிட்டுக்கொண்டாள். யாரும் பார்க்கவில்லை, பார்த்திருந்தாலும் அவளுக்குக் கவலையில்லை.

பிறகு அதை மடித்து மாடியில் வெங்காயம் உலர்த்துகிற அறையில் வைத்துப் பூட்டி, சாவியைக் கழுத்தில் போட்டுக்கொண்டாள். சீர் விரிக்கிற நாள் வரைக்கும் மகள்கூடப் பார்க்கக் கூடாது.

பனி கரைந்தது. ஒரு நாள் மஹ்ஜூபா வந்து நாள் குறித்துவிட்டுப் போனாள். அன்று சாயங்காலம் கோழிகளை அடைக்கும்போது லல்லாவைக் காணோம்.

சாணிமேடு, களம், ஆட்டுத் தொழுவம், எல்லா இடமும் தேடியாயிற்று. ஒரு இறகு இல்லை. நரி தூக்கியிருந்தால் இறகு கிடக்கும், நாய் பிடித்திருந்தால் சத்தம் கேட்டிருக்கும். சில நாட்களாகவே லல்லா முட்டை வைக்கவில்லை என்பது இஸ்ஸாவுக்கு அப்போது ஞாபகம் வந்தது. இறகு உதிர்க்கிற காலம் என்று அதை விட்டிருந்தாள். கொஞ்சம் யோசித்திருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் கோபத்தில் இருக்கிறவள் எங்கே யோசித்தாள்?

கப்பூரா வேறு வந்து சேர்ந்தாள். அவள் காதில் எது விழுந்தாலும் ஊரெல்லாம் சுற்றிவரும்.

"அக்கா, நான் சொன்னேன்னு சொல்லாத. ஆத்துக்கு அந்தப் பக்கம் என் தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்தேன். மஹ்ஜூபா வாசல்ல ஒரு சாம்பல் புள்ளிக் கோழி மேயுது. கால்ல சிவப்புத் துணி."

"சிவப்பா? நல்லா பாத்தியா?"

"மோஹா அண்ணனோட ஸ்வெட்டர் சிவப்பு எனக்குத் தெரியாதா? அல்லா மேல சத்தியமா சிவப்புதான்."

புதன்கிழமைச் சந்தையில் இஸ்ஸா மஹ்ஜூபாவைப் பிடித்துவிட்டாள். கேரட் குவியலுக்கு முன்னால், இரண்டு ஊர்ப் பெண்களும் நிற்கிற இடத்தில்.

"சம்பந்தி, அன்னிக்கு வந்தீங்க, டீ குடிச்சீங்க, ரொட்டி சாப்பிட்டீங்க. எல்லாம் சந்தோஷம். போகும்போது சால்வைக்குள்ள என் கோழியையும் எடுத்துக்கிட்டீங்களே, அதை மட்டும் சொல்லிட்டு எடுத்திருக்கலாம்."

கேரட்காரன்கூட எடைபோடுவதை நிறுத்திவிட்டான். மஹ்ஜூபாவின் முகம் சிவந்து வெளுத்தது. ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள், சுற்றி நின்ற பெண்களைப் பார்த்தாள், மூடிக்கொண்டாள். அந்தத் தயக்கத்தை இஸ்ஸா குற்றமுள்ள மனசு என்றே எடுத்துக்கொண்டாள்.

"உன் கோழி கிடைக்கட்டும்," என்றாள் மஹ்ஜூபா கடைசியில். குரல் நடுங்கவில்லை. "என்னைத் திருடின்னு சொன்ன வீட்டுப் படி ஏற மாட்டேன். என் வீட்டுப் பொம்பளைங்களும் ஏற மாட்டாங்க. சீரை நீயே விரிச்சு நீயே பாத்துக்க."

பெண்கள் வழிவிட, கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

தம்மூ அன்றைக்கு அழவில்லை, கத்தவில்லை. அடுப்படியில் உட்கார்ந்து மாவு பிசைந்துகொண்டே ஒரே ஒரு வார்த்தை கேட்டாள்.

"யம்மா, ஒரு கோழிக்காக என்னைக் குடுத்துட்டியா?"

இஸ்ஸா தூக்கிய தீனிச் சட்டியைக் கீழே வைத்தாள். ஆனாலும் அவள் இஸ்ஸா அல்லவா? "தப்பு பண்ணினது அவ, வரவேண்டியதும் அவ," என்று சொல்லிவிட்டுக் கோழிகளை அடைக்கப் போனாள். மோஹா நடுவில் பேசப் பார்த்தான், சமாதானத்துக்கு ஆள் அனுப்பலாமா என்றான். இஸ்ஸா திரும்பிப் பார்த்த பார்வையில் டீக்கடைக்குக் கிளம்பிவிட்டான்.

நாள் நெருங்க நெருங்க அவளுக்குச் சோறு இறங்கவில்லை. பாஸ்ஸூ ஆற்றங்கரையில் வந்து நின்றுவிட்டுத் திரும்பிப் போகிறான் என்று கேள்விப்பட்டாள். மகளுடைய முகத்தைப் பார்க்காமலே வீட்டுக்குள் நடமாடக் கற்றுக்கொண்டாள். சின்ன வீட்டில் அது லேசான காரியமில்லை.

சீர் விரிக்கிற நாள் விடிந்தது. யாரும் வரப்போவதில்லை. ஆனாலும் அந்தக் கம்பளத்தை வெயிலிலாவது விரித்துப் பார்த்துவிட வேண்டும், மகளாவது பார்க்கட்டும் என்று சாவியைக் கழற்றிக்கொண்டு மாடிக்குப் போனாள் இஸ்ஸா.

கதவைத் திறந்ததும் ஒரு உறுமல் கேட்டது.

கம்பளத்தின் மடிப்புக்கு நடுவில், அவள் குளிர்காலமெல்லாம் முடிச்சுப்போட்ட அந்தச் சிவப்புத் தணலுக்குள், லல்லா இறகை விரித்துப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. வெங்காயத்துக்குக் காற்றுப்போக வைத்திருந்த ஓட்டை வழியாக வந்திருக்கிறது. பின்பக்கம் மலைச்சரிவு, வெளியே போய்த் தானியம் பொறுக்கிவிட்டு யார் கண்ணிலும் படாமல் திரும்ப ஒரு எட்டுதான். இத்தனை நாளும் கீழே அவள் ஊரை இரண்டாக்கிக்கொண்டிருக்க, இது மேலே நிம்மதியாக அடைகாத்திருக்கிறது. இஸ்ஸா குனிந்து கையை அடியில் விட்டாள். சூடு. ஒரு முட்டையின் ஓடு விரலுக்கடியில் விரிசல் விட்டிருந்தது, உள்ளிருந்து கீச்சென்றது.

அவள் அப்படியே வெங்காயத்தின் மேல் உட்கார்ந்துவிட்டாள்.

சத்தம் கேட்டு மேலே வந்த மோஹா கோழியைப் பார்த்தான். ஆள் லேசுப்பட்டவனில்லை, வழி கண்டுபிடித்துவிட்டான்.

"யாருக்கும் தெரியாது. கோழியை நான் சாக்குல போட்டு அண்ணன் வீட்டுல விட்டுடுறேன். நரி கொண்டுபோச்சுன்னு சொல்லிட்டா அவங்க மேல இருந்த பழியும் போயிடும், உன் வாயும் தப்பிச்சுடும்."

"ஓடு உடையுற நேரத்துல அடையிலேருந்து கோழியை எழுப்பச் சொல்றீங்களா?"

"சரி, கோழி இருக்கட்டும். நரின்னு மட்டும் சொல்லு."

"என் லல்லாவை நரி திங்கும்னு நான் சொல்லணுமா?" என்றாள் இஸ்ஸா. அதுதான் அவளுக்குப் பெரிய அவமானமாகப் பட்டது. பிறகு கோழியின் முதுகைத் தடவிக்கொடுத்தாள். "சந்தையில வச்சுத் திட்டினேன். ஊத்தடியில வச்சு மன்னிப்புக் கேக்குறேன். அதுல என்ன, எனக்கென்ன வாய் இல்லையா?"

மன்னிப்புக் கேட்கப் போகிறவள் எப்படிப் போவாள்? தலையைக் குனிந்து, பழைய துணியில். இஸ்ஸா கல்யாணத்துக்குப் போகிற உடுப்பை எடுத்துப் போட்டாள். இரண்டு தோளிலும் வெள்ளி ஊக்கு குத்தினாள். கண்ணுக்கு மை தீட்டினாள். ஆற்றைக் கடந்து போகும்போது வயலில் இருந்தவர்கள் யாருக்குக் கல்யாணம் என்று கேட்டார்கள்.

"என் மகளுக்கு," என்றாள் நிற்காமல்.

அந்த ஊர் ஊற்றடியில் பெண்கள் கேன்களில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார்கள். மஹ்ஜூபாவும் இருந்தாள், அதே நீலச் சால்வை. இஸ்ஸாவைப் பார்த்ததும் பேச்சு நின்றது.

"எல்லாரும் கேட்டுக்கோங்க," என்றாள் இஸ்ஸா. "கோழித் திருடி அகப்பட்டுட்டா. பேரு லல்லா. என் வீட்டு மாடியில, என் மகளுக்கு நெய்த கம்பளத்துக்குள்ள ஒளிஞ்சு அடைகாத்துக்கிட்டிருந்தா. சம்பந்தி எடுக்கல. எடுத்தாங்கன்னு சொன்னது இந்த வாய்தான், தப்புன்னு சொல்றதும் அதே வாய்தான். சம்பந்தி, என்னை மன்னிச்சிருங்க. நீங்க படியேறலேன்னா என் மக படியிறங்க முடியாது. அவ மேல தப்பில்ல."

கடைசி வார்த்தை வரும்போது குரல் உடைந்தது. அதை மறைக்க அவள் முயற்சி செய்யவில்லை.

மஹ்ஜூபா ஊற்றின் பக்கம் திரும்பினாள். கேன் நிரம்புகிறவரை நிரப்பினாள். மூடியைத் திருகினாள். அப்புறம்தான் நிமிர்ந்தாள்.

"தண்ணியை வீட்ல வச்சுட்டு வர்றேன்," என்றாள். "குஞ்சு வெளிய வந்துருச்சா?"

"ஒண்ணு மூக்கை நீட்டிருச்சு."

"அப்ப நின்னுக்கிட்டே என்ன பேச்சு, நட."

சீர் விரிக்கிற நாளில் சீரை வாசலில் விரிப்பதுதான் முறை. இங்கே சீர் மேலே ஒரு தாயார் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்கிறாளே. ஆகவே மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் எல்லோரும் முக்காட்டைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏணிப்படி ஏறினார்கள். வெங்காய அறையில் மூச்சுவிட இடமில்லை. தம்மூ கதவோரம் நின்றாள். லல்லாவின் மார்பு இறகுக்கு அடியிலிருந்து மூன்று ஈரத் தலைகள் எட்டிப் பார்த்தன. சுற்றிலும் சிவப்பு, ஆரஞ்சு, பச்சை, ஊதா, வெயில் அந்தச் சின்ன ஓட்டை வழியாக வந்து நேராக அதன் மேலேயே விழுந்தது.

மஹ்ஜூபா பேசினால்தான் மற்றவர்கள் பேசலாம்.

அவள் முட்டி போட்டு உட்கார்ந்தாள். முதல் நாளில் பிடித்த மாதிரி கம்பளத்தின் ஓரத்தை இரண்டு விரலால் தூக்கினாள். முன்புறம் பார்த்தாள், பின்புறத்து முடிச்சுகளைப் பார்த்தாள். பிறகு முழுக் கையையும் அதன் மேல் வைத்தாள், எடுக்கவில்லை.

"என் வாசல்ல மேயுதே ஒரு புள்ளிக் கோழி," என்றாள் குனிந்தபடியே, "அது உன் லல்லாவோட மக."

இஸ்ஸாவுக்குப் புரியவில்லை.

"நீ குடுத்துவிட்ட முட்டை. ஆம்லெட்டுக்குக் காணாதுன்னு ஊரெல்லாம் சொன்னேன். ஒரு முட்டை உடைக்கல. அத்தனையும் அடைக்கு வச்சேன். இப்பேர்ப்பட்ட கோழியை நான் எந்தச் சந்தையிலயும் பாத்ததில்ல. அதுக்கு இன்னும் குஞ்சு பொரிக்கிற வயசு வரல, அதனால உன் நிறத்தைத்தான் கட்டியிருக்கேன். சிவப்புத் துணிக்கு எங்க போனேன்னு நினைக்கிற? நாள் குறிக்க வந்த அன்னிக்கு உன் தறிக்கடியில கிடந்த துண்டு ஒண்ணை எடுத்துக்கிட்டேன். திருடினதுன்னா அது ஒண்ணுதான். சந்தையில இதை எப்படிச் சொல்வேன்? புறா முட்டைன்னு சொன்ன வாயாச்சே."

இஸ்ஸாவுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. முட்டை வந்த வீட்டு நிறம்! ஊருக்கெல்லாம் பாடம் நடத்தினவள், தன் கோழி என்றதும் அதை மறந்தே போனாளே. தனக்குச் செய்த மரியாதையைத் திருட்டு என்று சந்தையில் கூவியிருக்கிறாள். ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டுமே, வெட்கத்தைவிடப் பெருமைதான் அவளுக்குப் பொங்கி வந்தது. மஹ்ஜூபாவே அடைக்கு வைத்திருக்கிறாள், மஹ்ஜூபாவே!

"கந்தல்னா நாய் படுக்கப் போடுவோம்னு சொன்னீங்க," என்றாள். விடமுடியவில்லை.

"சொன்னேன். உன் வீட்டு நாயாப் பிறக்கக் குடுத்து வச்சிருக்கணும்."

பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். லல்லா உறுமியது. மஹ்ஜூபா மட்டும் சிரிக்கவில்லை, எழுந்து நின்று தம்மூவைக் கிட்டே வரச் சொன்னாள். சீர் விரிக்கிற நாளின் சொல்லைச் சொல்லப்போகிறாள் என்று எல்லோருக்கும் தெரிந்தது, சிரிப்பு அடங்கியது.

"இவ கொண்டுவர்றதுல எனக்கு ஒரு குறையும் தெரியல," என்றாள். "பொம்பளைங்களா, நீங்க சாட்சி. குஞ்சு பொரிச்ச கம்பளத்தோட எந்த வீட்டுக்கும் ஒரு மருமக வந்ததில்ல, என் வீட்டுக்கு வர்றா."

தம்மூ அம்மாவைப் பார்த்தாள். அந்தச் சந்தை நாளுக்கு அப்புறம் முதல்முறையாக நேராகப் பார்த்தாள்.

பிறகு மஹ்ஜூபா செய்ததுதான் யாரும் எதிர்பார்க்காதது. தோளிலிருந்த நீலச் சால்வையை இழுத்து, அதன் கரையைப் பல்லால் கடித்து, சர்ரென்று நீளமாக ஒரு துண்டு கிழித்தாள். நீலம் அவள் வீட்டு நிறம். லல்லாவின் இன்னொரு காலுக்கு.

இஸ்ஸாவுக்கு நெஞ்சே கிழிந்த மாதிரி இருந்தது.

"ஐயையோ சம்பந்தி, நல்ல துணியைக் கிழிக்கிறீங்களே."

"கந்தலானாத்தானே உன் வீட்ல மதிப்பு," என்றாள் மஹ்ஜூபா. "முதல் நாளே நீ இதைப் பாத்த பார்வை எனக்குத் தெரியாதா? இந்தா, மீதியையும் வச்சுக்க. எனக்கும் ஒரு கம்பளம் நெய்து குடு."

சால்வையை இஸ்ஸாவின் கையில் திணித்துவிட்டு, நீலத் துண்டோடு கோழியிடம் குனிந்தாள். லல்லா அவள் புறங்கையில் ரத்தம் வருகிற மாதிரி ஒரு கொத்து கொத்தியது.

"ரெண்டு முடிச்சா போடுங்க," என்றாள் இஸ்ஸா, சால்வையை மார்போடு அணைத்தபடி. "என் கோழி ஒரு முடிச்சுக்கெல்லாம் நிக்காது."